ரயில், அணில், குடை, கிணறு, ஒட்டகம்

அழகையாவின் மகள் ப்ரியங்காவுக்கு வாசிக்க வரவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஓர் ஆசிரியையும் தினம் ஒரு மணி நேரமும் இருந்தால் தீர்ந்துவிடும். ஆனால் இத்தனை எளிதாகத் தீர்ந்துபோக அரசாங்கம் விட்டுவிடுமா? மெயின்லேண்டிலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாக விஞ்ஞானத்தைக் கொண்டுவந்து இறக்கியது.

அழகையா கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் அவனுடைய அப்பனும் ஆத்தாளும். சுனாமி வந்து வீடுவாசலைக் கழுவிக்கொண்டு போன பிறகு, கொஞ்ச காலம் தகரக் கொட்டகையில் கிடந்துவிட்டு, மனைவி பானுவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சௌல்தாரிக்கு வந்து சேர்ந்தான். ஊரார் பாக்குத் தோப்புகளில் வேலை. அதிகாரிகள் அவனுக்குப் புதியவர்கள் அல்லர். நிவாரண வரிசை ஒவ்வொன்றிலும் நின்று பேர் சொல்லியிருக்கிறான். கேட்டு எழுதிக்கொண்டவர்களில் ஒருவரும் அந்தப் பேரை அப்புறம் கூப்பிட்டதில்லை.

ப்ரியங்கா மூன்றாம் வகுப்பு. எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் சொல்லிவிடுவாள். நான்கு எழுத்து கூட்டமாக வந்து நின்றால் போதும், கண் கலங்கிவிடும். வகுப்பில் அவளை வாசிக்கச் சொன்னால் பின்பெஞ்சில் சிரிப்பு எழும். அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள், உட்காரச் சொல்லும்வரை.

தமிழ்ப் பிரிவின் நீலாவதி டீச்சர்தான் அழகையாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். "புள்ளைக்குப் புத்தி நல்லாவே இருக்குங்க. எழுத்தக் கூட்டறதுதான் திணறுது. சில பிள்ளைங்களுக்கு அப்படித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் தனியா வச்சுச் சொல்லிக் குடுக்கறேன். நிதானமா வரும்."

நிதானமாக வந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் ப்ரியங்கா அடுப்படியில் உட்கார்ந்து உப்பு பாக்கெட்டை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பானு ஊற்றிவைத்த டீ ஆறிப்போனது. பிறகு, "உ... ப்... பு. உப்பு!" என்று கத்தினாள். அழகையா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. எதற்குப் போகவில்லை என்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றான். உப்பு என்று மகள் வாசித்ததற்கு லீவு போட்டேன் என்று யாரிடம் சொல்வது?

அந்த வாரம்தான் கப்பல் வந்தது.

வந்த திட்டத்தின் பெயர் 'ஷீக்ர நாம் அபியான்'. வேகமாகப் பெயர் சொல்லும் இயக்கம். ஓர் அட்டையில் ஐந்து படங்கள், மாற்றி மாற்றி வரிசை வரிசையாக அச்சடிக்கப்பட்டிருக்கும்: ரயில், அணில், குடை, கிணறு, ஒட்டகம். பிள்ளை நிறுத்தாமல் படபடவென்று பெயர் சொல்லிக்கொண்டு போக வேண்டும். தயங்கித் தயங்கிச் சொல்லும் பிள்ளைக்கு வாசிப்பதிலும் சிரமம் இருக்க வாய்ப்புண்டு. இதுவரைக்கும் சரிதான். எங்கோ உட்கார்ந்து பொறுமையாக இதைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதைக் கல்வித் துறை கையில் எடுத்ததில்தான் வினை ஆரம்பித்தது.

இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் இராமகிருஷ்ணன் மெயின்லேண்டிலிருந்து வந்தவர். பெரிய மீசை, கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். சௌல்தாரிப் பள்ளிக்கு ஜீப்பில் வந்து இறங்கி, டிரைவரிடம் இந்தியில் ஏதோ சொல்லி, தலைமையாசிரியரிடம் ஆங்கிலத்தில் கைகுலுக்கி, ப்ரியங்காவிடம் தமிழில் "ஆரம்பி" என்றார். அழகையா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

ப்ரியங்கா அட்டையைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தத் தீவில் வாசலைத் தாண்டினால் மொழி மாறும். கடைக்காரர் பெங்காலி, பக்கத்து வீடு மலையாளம், பஸ் ஓட்டுபவர் தெலுங்கு, எல்லாருக்கும் பொதுவாக இந்தி. ஆகவே அங்கே வளரும் பிள்ளை எந்தப் பொருளின் பேரைச் சொல்லும் முன்னும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும். வீட்டில் குடை, கடையில் சாத்தா. இது அங்கே மரியாதை. ப்ரியங்காவும் மரியாதையாகத்தான் பார்த்தாள். மூன்று மொழி பேசிய மீசைக்காரர் குடைக்காரரா சாத்தாக்காரரா என்று அவளுக்குத் தீர்மானமாகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று "குடை, சாத்தா" என்று இரண்டையும் சொன்னாள். ரயிலைப் பெரிய பஸ் என்றாள். தீவில் ஏது ரயில்? ஒட்டகத்தைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கும் ஒன்றும் கிடைக்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

இராமகிருஷ்ணன் கடிகாரத்தை நிறுத்தினார். "மிக மந்தம். சுனாமியில பாதிக்கப்பட்ட குடும்பமா?"

"ஆமா சார். கச்சால்."

"அலை வந்தப்ப குழந்தை எத்தனை பொருளுக்குப் பேர் சொல்லிட்டிருந்தது?"

"பால் குடிச்சிட்டு இருந்திச்சு சார். ஒரு வயசு."

"பேர் சொல்லவில்லை" என்று அவர் எழுதிக்கொண்டார்.

தீவுகள் முழுக்கச் சோதித்துப் பார்த்ததில் பாதிப் பிள்ளைகள் மந்தம் என்று வந்தது. எல்லாரும் முகம் பார்த்தார்கள். முகம் பார்ப்பதுதான் நோய்க்குக் காரணம் என்று துறை கண்டுபிடித்து, சோதிப்பவர்கள் இனிமேல் திரைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டது. டெண்டர் விட்டுப் பச்சைத் திரை வந்தது. அது தரைக்கு ஒரு முழம் மேலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் கீழே தெரிந்த காலைப் பார்த்தார்கள். ஷூ என்றால் இந்தி, செருப்பு என்றால் தமிழோ தெலுங்கோ. துறை அசரவில்லை. சோதிப்பவர்கள் வெறுங்காலுடன் வர வேண்டும் என்று அடுத்த உத்தரவு வந்தது. ஜில்லாவின் மூத்த கல்வி அலுவலர்கள் எல்லாரும் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, பச்சைத் திரைக்குப் பின்னால் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். கோயில் என்று நினைத்து ஒரு கிழவர் தேங்காய் கொண்டுவந்ததாகக்கூடச் சொன்னார்கள்.

அடுத்து ரயில் பிரச்சினை. ரயிலைக் காணாத பிள்ளை எப்படி ரயில் என்று சொல்லும்? படத்தை மாற்றிக் கப்பல் போடலாம் என்று ஒரு குமாஸ்தா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அட்டை மெயின்லேண்டில் அங்கீகரிக்கப்பட்டது, அதை மாற்ற முடியாது, தீவைத்தான் மாற்ற வேண்டும் என்று அவருக்கு விளக்கம் சொல்லப்பட்டது. ப்ளைவுட்டில் ஒரு ரயில் செய்து பள்ளி பள்ளியாக இழுத்துக்கொண்டு போனார்கள். ஒட்டகத்தைக் கப்பலில் வரவழைக்கக் கால்நடைத் துறை சம்மதிக்கவில்லை. அதனால் சாக்குத் துணியில் ஒட்டகம் தைத்து உள்ளே இரண்டு ஆசிரியர்களை நிறுத்தினார்கள்.

மகளின் மத்தியான ஒரு மணி நேரம் நின்றுபோய் ஒரு மாதமானதும் அழகையா பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

"நீலாவதி டீச்சர் எங்கங்க?"

"ஒட்டகத்துல இருக்காங்க" என்றார் வாட்ச்மேன். "பின்னங்கால்."

மைதானத்தில் ஒட்டகம் இளைப்பாறிக்கொண்டிருந்தது. நீலாவதி டீச்சர் சாக்குக்குள்ளிருந்து வியர்த்து வழிய வெளியே வந்தாள். முன்னங்கால்களான கணக்கு வாத்தியார் அப்படியே புல்லில் சாய்ந்துவிட்டார்.

"டீச்சர், புள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம்..."

"எங்கருந்துங்க குடுக்கறது? காலைல ரயில் இழுக்கணும், மத்தியானம் ஒட்டகம், சாயங்காலம் கடிகாரம் பிடிக்கணும். பாடப் புஸ்தகத்த எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டியாச்சு. வாசிப்பு நடுவுல வந்தா வேகம் கெட்டுடுமாம்."

"வேகமாச் சொன்னா வாசிக்க வந்துருமா டீச்சர்?"

அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "காய்ச்சக்காரனுக்கு வைத்தியம் பாக்காம, தெர்மாமீட்டரப் பச்சத் தண்ணியில முக்கி வச்சா காய்ச்ச எறங்குமாங்க? நான் கேட்டேன். கேட்டதுக்குத்தான் பின்னங்கால்."

பள்ளியில் மணியடித்தால் ரயில், அணில், குடை. சாப்பாட்டுக்கு முன் ரயில், அணில், குடை. வீட்டிலும் பெற்றோர் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். பானு ரொட்டி தேய்த்துக்கொண்டே "ஜல்தி, ஜல்தி சொல்லு புள்ள" என்பாள். ப்ரியங்காவும் சொன்னாள். அட்டை தீவுகள் முழுக்க ஒன்றேதான், வரிசையும் அதேதான். வாசிக்க வராத பிள்ளைகளுக்கு ஞாபகம் நன்றாக இருக்கும். வேறு எதை வைத்துக் காலம் தள்ளுவது? கொஞ்ச நாளில் அட்டை முழுவதும் அவள் நாக்கில் ஏறிவிட்டது.

அடுத்த சோதனையில் அவள் திரையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை, அட்டையையே பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டிவிட்டு நின்றாள். இராமகிருஷ்ணன் வெறுங்காலோடு திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பாக்காமலே சொல்றா! இதைவிட என்ன வேணும்?"

போர்ட் பிளேரில் விழா எடுத்தார்கள். அழகையா இருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான். மேடையில் துறை இயக்குநர் முதல் எல்லாரும் ஷூ போட்டிருந்தார்கள். விழா என்பதால் விதிவிலக்கு. இராமகிருஷ்ணன் பேசினார்.

"போன வருஷம் இந்தத் தீவுகள்ல வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இத்தனை பேர்னு ஒரு கணக்கு இருந்தது. இன்னைக்கு அந்தக் கணக்கு இல்லை. ஏன்னா, வாசிக்கச் சொல்லிப் பாக்கறதையே நாம நிறுத்திட்டோம். இந்தத் துணிச்சல் எந்த மாநிலத்துக்காவது வந்ததா? சில பெற்றோர் கேக்கறாங்க, புஸ்தகத்தை எப்ப சார் திறப்பீங்கன்னு. அவங்களுக்கு நான் பணிவாச் சொல்லிக்கறது ஒண்ணுதான். அவசரப்படாதீங்க. இதோ, இந்தக் குழந்தை கண்ணை மூடிட்டே வேலையை முடிக்கறா. இது நம்ம துறையில பல வருஷ அனுபவம் இருக்கறவங்களுக்கு மட்டுமே கைவந்த திறமை!"

இயக்குநர் முதலில் கைதட்டினார், அதைப் பார்த்து மண்டபமே தட்டியது. ப்ரியங்காவை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அவள் கண்ணை மூடிக் கொட்டினாள். மறுபடியும் கைதட்டல். எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றைப் பரிசாக வாங்கிக்கொண்டு அவள் நிமிர்ந்து நின்றாள். பள்ளிக்கூட சம்பந்தமான இடத்தில் தன் மகள் நிமிர்ந்து நின்றதை அழகையா அன்றைக்குத்தான் பார்த்தான். அவனும் பலமாகக் கைதட்டினான். கண்ணில் நீர் வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உப்பு பாக்கெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு "சீனி" என்றாள், வேகமாக.

விழா முடிந்த கையோடு இரண்டாம் கட்டம் தொடங்கியது. மந்தமாகப் பெயர் சொல்லும் பிள்ளைகளுக்கு மட்டும், தினம் ஒரு மணி நேரம், ஓர் ஆசிரியை தனியாக. என்ன சொல்லிக்கொடுப்பது என்று உத்தரவில் எழுத மறந்துவிட்டார்கள். நீலாவதி டீச்சர் அழகையாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "கதவைச் சாத்திட்டா அந்த ஒரு மணி நேரம் என்னோடது. பீரோ சாவியும் எங்கிட்ட இருக்கு. எப்படியாவது ப்ரியங்காவ அந்த லிஸ்டுல சேத்துடுங்க."

அழகையா போர்ட் பிளேர் மின்னி பேயில் இருந்த இயக்க அலுவலகத்துக்குப் போனான்.

"சார், புள்ளைக்கு இன்னும் வாசிக்க வரலீங்க."

"வந்திருக்கணுமே" என்றார் இராமகிருஷ்ணன். "வேகம் வந்தா வாசிப்பு வந்துதான் ஆகணும்."

"வரலீங்களே சார்."

"அப்படின்னா அது வாசிப்புக் குறைபாடு இல்லை. வாசிக்காம இருக்கற பழக்கம். பழக்கத்துக்கு நம்மகிட்ட திட்டம் கிடையாது. வீட்ல கண்டிச்சு வையுங்க."

"அந்த ஒரு மணி நேரத்துல மட்டும் சேத்துக்கிட்டீங்கன்னா..."

"மந்தமான பிள்ளைகளுக்கு உள்ள இடத்தை நம்ம சாம்பியனுக்குக் குடுத்தா நியாயமா? பெற்றோர் கேட்டா ஒரு தடவை மறுசோதனை வைக்கலாம், விதியில இருக்கு. அதுல தோத்தா சேத்துக்கறேன். ஆனா அவ தோக்க மாட்டா. கடிகாரம் பொய் சொல்லாது."

தன் பிள்ளை தோற்க வேண்டும் என்று தகப்பனே மறுசோதனை கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் மகளை உட்கார வைத்து, "மெதுவாச் சொல்லு பாப்பம்" என்றான்.

பானுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, கைதட்டு வாங்குன புள்ளய மெதுவாச் சொல்லுன்னா அவ மனசு என்னாகும்?"

"வாசிக்காமலே வளந்துட்டா மட்டும் மனசு நல்லா இருக்குமா?"

ப்ரியங்கா மெதுவாகச் சொல்லித்தான் பார்த்தாள். "ரயில்..." என்று நிறுத்துவாள். அடுத்த நொடி அணிலும் குடையும் கிணறும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே விழும். அவளால் நிறுத்த முடியவில்லை. அவ்வளவு நன்றாகப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

மறுசோதனை மின்னி பே அலுவலகத்திலேயே நடந்தது. கடிகாரம் பிடிக்க நீலாவதி டீச்சரைப் போட்டிருந்தார்கள். சரியாக அந்த நேரத்துக்கு இயக்குநரிடமிருந்து போன் வந்தது. இராமகிருஷ்ணன் எழுந்து நின்று, சுவரைப் பார்த்துத் திரும்பி, "ஜி சார், ஜி சார்" என்று சொல்லிக்கொண்டே இவர்களை நோக்கித் தொடங்கும்படி கையைக் காட்டினார்.

ப்ரியங்கா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா சொன்னது ஞாபகம் இருந்திருக்க வேண்டும், முதல் ரயிலுக்குப் பிறகு உதட்டைக் கடித்தாள். அவ்வளவுதான். மீதி அட்டை ஒரே மூச்சில் கொட்டி முடிந்துவிட்டது. விழாவில் சொன்னதைவிட வேகம். அழகையா தலையைக் கையில் பிடித்துக்கொண்டான்.

நீலாவதி டீச்சர் கடிகாரத்தை அழுத்தி நிறுத்தவில்லை. கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அது ஜன்னலின் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. "ஜி சார்" நின்று போனை வைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அழுத்தினாள்.

"ஆச்சு சார்."

இராமகிருஷ்ணன் கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. "இது... நம்ம ப்ரியங்காவா?"

"கடிகாரம் என்ன காட்டுதோ அதுதானே சார்" என்றாள் நீலாவதி டீச்சர்.

அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். பிள்ளையை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லியிருக்கலாம். ஆனால் மறுசோதனை ஒரு தடவைதான் என்று விதியில் இருந்தது, அந்த விதியை எழுதியவரும் அவரே. பெருமூச்சு விட்டுக்கொண்டு 'மிக மந்தம்' என்று எழுதி முத்திரை குத்தினார். தினம் ஒரு மணி நேரம், ஆசிரியை நீலாவதி. மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதனை. வேகம் வந்திருந்தால் பெயர் நீக்கப்படும்.

"கைதட்டினதெல்லாம் வீணாப் போச்சு" என்று ப்ரியங்காவைப் பார்த்து மனம் நொந்து சொன்னார்.

அழகையாவுக்கு அவர் காலில் விழலாம்போல் இருந்தது. டீச்சரைப் பார்த்துக் கைகூப்பினான். அவள் வேறு பக்கம் பார்த்தாள். பார்க்காதே என்று அர்த்தம்.

பஸ் ஸ்டாண்டு வரை சந்தோஷத்தில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மகள் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தான். சத்தமில்லாத அழுகை. சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"அப்பா, நான் எல்லாம் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன கண்ணு."

"வேகமாத்தானே சொன்னேன்? அப்புறம் ஏன்ப்பா பெயிலு?"

டீச்சர் செய்ததை இவளிடம் சொன்னால் நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். டீச்சரின் வேலை போய்விடும், அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கிய பிள்ளையிடம், தான் போய் எழுதிக்கொடுத்து அதைப் பிடுங்கிவிட்டோம் என்று அழகையாவுக்கு இருந்தது. வேறு வழியும் இருக்கவில்லை.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லிட்ட புள்ள" என்றான்.

ப்ரியங்கா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவை இன்னும் வேகமாச் சொல்லிடறேன்ப்பா. நீங்க கவலப்படாதீங்க."

அப்பாவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தாள். ரயில், அணில், குடை, கிணறு, ஒட்டகம். சௌல்தாரி வரும்வரை அவள் நிறுத்தவில்லை.